பக்கத்துப் பண்ணைக் கடிகாரம்

முதல் பதிவிலிருந்தே அந்தக் கடிகாரம் என் உயிரை வாங்கியது. கிழவி பேசுவாள், பின்னால் அது டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால், இதுதான் சமயம் என்று இன்னும் பலமாக அடிக்கும். ஹெட்போன் மாட்டிய காதுக்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

என் வேலை அப்படி. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முடி நரைக்கும்வரை தட்டச்சு செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. பூச்சோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் தம்பி ஒருவர் சின்ன நிறுவனம் நடத்துகிறார். வெளிநாட்டு ஒலிப்பதிவுகளை எழுத்தில் இறக்கிக் கொடுக்கும் நிறுவனம் அது. முதலில் கணினியே கேட்டு எழுதிவிடும். அது உளறிய இடங்களைத் திருத்துவது என்னைப் போன்றவர்களின் வேலை. கூடவே பின்னணி இரைச்சலையும் வடிகட்டித் தள்ளிவிட வேண்டும். “நோய்ஸ் எல்லாம் கிளீன் பண்ணிடுங்க ஆன்டி. கிளையண்டுக்கு சுத்தமா வேணுமாம்,” என்று தம்பி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

இந்த முறை வந்தது அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஏதோ ஒரு மூலையிலிருந்து. நார்வேயிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே நிலத்தை உழுது பிழைத்தவர்களின் ஊர் வரலாறு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிழவர்களான பிறகு, உள்ளூர்க்காரர்கள் சிலர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பேசியவர்கள் எல்லாரும் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்கள். ஊரிலும் ஆள் குறைந்துபோய், கேட்டு எழுத அங்கே யாரும் இல்லாமல், வேலை சுற்றிச் சுற்றி என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. பனி, பசு, பாதிரியார், திரும்பவும் பனி. ஒரு கிழவர் பன்றி வளர்ப்பைப் பற்றி மட்டுமே ஒரு நாடா முழுக்கப் பேசியிருந்தார். இதையெல்லாம் எவன் உட்கார்ந்து படிக்கப் போகிறான் என்று திட்டிக்கொண்டேதான் தட்டினேன். ஆனால் அந்த மனிதர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடித்திருந்தது. வாக்கியம் மேலே ஏறி இறங்கி, இழுத்து இழுத்துப் போகும். கணினி அதில் தடுமாறி விழுந்துவிடும். எனக்குச் சிரமமே இல்லை. நம் ஊர் ஆங்கிலமும் அப்படி ஏறி இறங்குவதுதானே.

வீட்டில் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போய் நான்கைந்து வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. சன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் மோனோரயில் சத்தமும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே வரும். கீழே பூக்கடைக்காரப் பெண்ணிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினால் அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் செத்துப்போன வெள்ளைக்காரர்கள் என் காதில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரத்துக்குச் சொந்தக்காரியான அந்தக் கிழவியின் பதிவுகள் நிறைய இருந்தன. பேட்டி எடுத்தது ஓர் இளம்பெண். கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பாள். கிழவி யோசித்து, பெருமூச்சு விட்டு, காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதுவரைக்கும் கடிகாரம் அடிக்கும். நான் ஒவ்வொரு பதிவிலும் முதல் வேலையாக அதை வடிகட்டி அழித்தேன். அழித்த பிறகு கிழவி பேசாத இடமெல்லாம் வெறுமையாகிவிடும். சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

மூன்றாவது பதிவோ நான்காவதோ, அதில்தான் இரண்டு தேவாலயங்களின் கதை வந்தது. அந்த ஊரில் ஒரு நாற்சந்தி. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தேவாலயம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டும் நார்வேக்காரர்களுடையது, இரண்டும் லூத்தரன் சபை. பாடும் பாட்டும் படிக்கும் வேதமும் ஒன்றுதான். அப்புறம் எதற்கு இரண்டு என்று அந்தப் பெண் கேட்டாள். கிழவி சொன்னாள்: கரையேறப் போகிறவன் யார் என்று கடவுள் முன்னாலேயே காரணமில்லாமல் முடிவு செய்துவிட்டாரா, இல்லை அவனுடைய விசுவாசத்தை முன்கூட்டியே பார்த்து முடிவு செய்தாரா என்று எங்கள் தாத்தாமார்களுக்குள் சண்டை. பாதிப் பேர் வெளியேறி எதிரிலேயே இன்னொன்றைக் கட்டிக்கொண்டார்கள். கதிரடிக்கும் இயந்திரம் ஊருக்கே ஒன்றுதான் என்பதால் அறுவடைக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரே சாலையில் எதிரும் புதிருமாக வண்டி ஓட்டிப்போவார்கள், தலையைத் திருப்ப மாட்டார்கள்.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஏனென்றால் நாங்களும் அப்படித்தான். நானும் அக்காவும் பிறந்து வளர்ந்தது கிள்ளானை அடுத்த மேரு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை விற்றுத் தொழிற்சாலைகள் வந்தபோது அம்மன் கோயிலுக்கு மாற்று நிலம் தருவதாகச் சொன்னார்கள். போகலாம் என்று ஒரு கூட்டம், அம்மனை இருந்த இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்று இன்னொரு கூட்டம். என் வீட்டுக்காரர் போகலாம் என்ற கட்சி. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், அசையக் கூடாது என்ற கட்சிக்குத் தலைவர். கோயில் கூட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டார்கள். முடிவில் பழைய கோயிலும் நின்றது, சாலைக்கு எதிரே புதுக் கோயிலும் எழும்பியது. ஒரே அம்மனுக்கு இரண்டு முகவரி. ஆடி மாதம் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி கட்டி ஒருவர் பாட்டை ஒருவர் அமுக்கப் பார்ப்பார்கள்.

சண்டை போட்டது ஆண்கள். பேச்சை நிறுத்திக்கொண்டது நாங்கள் இருவரும். இத்தனைக்கும் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு வார்த்தை தடித்துப் போனதில்லை. அவள் தன் வீட்டுக்காரர் பக்கம் நின்றாள், நான் என் வீட்டுக்காரர் பக்கம் நின்றேன். ஒரு தீபாவளிக்கு அவள் வரவில்லை, அடுத்த தீபாவளிக்கு நான் போகவில்லை. அப்படியே இறுகிவிட்டது.

என் வீட்டுக்காரர் இறந்தபோது அக்கா வந்தாள். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுவார்களே, அதை மட்டும் அவள் செய்யவில்லை. கூட்டத்தோடு வந்து, மாலை போட்டு, கூட்டத்தோடு போனாள். போன வருடம் அத்தான் இறந்தார். நான் கிள்ளானில் கொம்யூட்டர் ரயிலை விட்டு இறங்கி வாடகைக்கார் பிடித்துப் போனேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவள் எழுந்து வருவாள் என்று நான் நின்றேன். நான் குனிவேன் என்று அவள் உட்கார்ந்திருந்தாளோ என்னவோ. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்ற வழக்கம் அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது அவளும் தனி. மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். சண்டைக்குக் காரணமான இரண்டு பேரும் சாம்பலாகிவிட்டார்கள், சண்டை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அக்கா என்னோடு பேச வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. ஆனால் நானாகப் போய் நிற்க மாட்டேன். எங்கள் அம்மா பெற்ற இரண்டும் அப்படி.

அதற்கப்புறம் அந்தப் பதிவுகளை நான் சலிப்போடு கேட்கவில்லை. அவளைக் கிழவி என்று நினைப்பதும் நின்றுவிட்டது. அந்தம்மா என்றுதான் வந்தது.

ஒரு பதிவில் அந்தம்மா தொலைபேசியைப் பற்றிப் பேசினாள். சுவரில் மாட்டிய மரப்பெட்டி. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு நீளமாக ஒரு மணி, இன்னொரு வீட்டுக்கு நீளமும் குட்டையுமாக, இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லார் வீட்டிலும் மணி அடிக்கும். அடித்ததும் எல்லாரும் சத்தமில்லாமல் எடுத்து ஒட்டுக் கேட்பார்கள். எத்தனை பேர் எடுக்கிறார்களோ அந்த அளவுக்குப் பேசுகிறவர்களின் குரல் மங்கும். “அது தப்பு இல்லையா?” என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். “குளிர்காலம் எவ்வளவு நீளம் தெரியுமா உனக்கு?” என்று அந்தம்மா திருப்பிக் கேட்டாள். கேட்பது யார் என்றும் தெரிந்துவிடுமாம். ஒரு வீட்டில் கைக்குழந்தை அழும், ஒரு வீட்டில் குருவிக் கூண்டு. எதிர்த் தேவாலயத்தைச் சேர்ந்த பக்கத்துப் பண்ணைக்காரி எடுத்தால், அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவும் இதே கதைதான். செலாயாங்கிலிருக்கும் சித்தி மகள் காலை வணக்கம் போடுவாள், பூச்சோங்கிலிருக்கும் மாமா மகன் சாமி படம் போடுவான். எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் ஏதாவது போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று தேடுவேன். அக்காவின் பெயர் அதில் எப்போதும் இருக்கும். பதிலுக்கு ஒரு பூ கூட வராது.

அந்தக் கடைசிப் பதிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. அந்தம்மா தன் கணவர் இறந்த குளிர்காலத்தைப் பற்றிப் பேசினாள். இலையுதிர் காலத்தின் கடைசியில் அவர் மாட்டுக் கொட்டகையில் விழுந்து இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து உறவினர்கள் போனார்கள், பனி வந்து சாலையை மூடிவிட்டது. அவளுக்குப் பிள்ளைகளும் இல்லை. விடிந்தால் பால் கறப்பாள், அடுப்புக்கு விறகு போடுவாள், சாயங்காலம் மறுபடி கறப்பாள். நாள் கணக்கில் பசுக்களோடு மட்டும் பேசினாளாம். ஒரு சாயங்காலம் கறந்து முடித்து வந்து, பொறுக்க மாட்டாமல் தொலைபேசியை எடுத்திருக்கிறாள். மணி எதுவும் அடிக்கவில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் கேட்கலாம் என்ற நப்பாசைதான்.

கம்பியில் யாரும் பேசவில்லை. ஆனால் அந்தக் கடிகாரம் கேட்டது.

பக்கத்துப் பண்ணைக்காரி எடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒட்டுக் கேட்க வந்திருக்கிறாள் என்று முதலில் கோபம். இவள் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இவளுக்கு வைக்க மனமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பாத்திரம் தேய்க்கும் சத்தம் தூரத்தில் கேட்டதாம். அப்போதுதான் தெரிந்தது, அவள் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எடுத்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்க விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலமும் அது கேட்டது. அதற்கு மறுநாளும். பனி உருகும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் அந்தம்மா கறந்துவிட்டு வந்து எடுப்பாள், அந்த வீட்டின் சத்தம் காத்திருக்கும். இவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலுறை தைப்பாள். அப்படி எடுத்து வைத்தால் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோகும், புதிது வாங்க டவுனுக்குப் போக வேண்டும், அவள் கணவன் நிச்சயம் கத்தியிருப்பான் என்று சொல்லி அந்தம்மா சிரித்தாள். கம்பியில் இருந்த மற்ற வீட்டுக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“வசந்தத்தில் அவளைப் பார்த்து நன்றி சொன்னீர்களா?” என்று பெண் கேட்டாள்.

“கடையில் பார்த்தேன். கோழி முட்டையிடுகிறதா என்று கேட்டாள். இடுகிறது என்றேன்,” என்றாள் அந்தம்மா. “நாங்கள் நார்வேக்காரர்கள், பெண்ணே. எங்களுக்கு அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.”

பிறகு நீண்ட நேரம் பேச்சில்லை. கோப்பை தட்டில் உட்காரும் சத்தம். அதற்கப்புறம் அவள் சொன்னாள்: “அவள் செத்த பிறகு அவள் மகள் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா உங்களிடம் கொடுக்கச் சொன்னாள் என்றாள். அதோ, அந்தச் சுவரில் இருக்கிறதே, அதுதான்.”

நான் அன்றைக்கும் வழக்கம் போல முதலில் இரைச்சலை வடிகட்டிவிட்டுத்தான் கேட்க ஆரம்பித்திருந்தேன். அதோ என்று அவள் காட்டிய இடத்தில் எனக்குச் சத்தமே இல்லை. இத்தனை பதிவுகளில் அவள் பேசாமல் உட்கார்ந்த நேரமெல்லாம் வெறுமை என்று நினைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அசல் பதிவைத் திறந்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். டக், டக் என்று வந்தது. நான் அழுதேன். எழுபதைத் தொடப்போகிறவள், தொடர்பே இல்லாத ஒரு வெள்ளைக்காரிக்காகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவளுக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பிக்குப் போன் போட்டு, எல்லாப் பதிவுகளையும் மறுபடி செய்கிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏன் ஆன்டி? கிளையண்ட் ஓகே சொல்லிட்டாங்க லா. நோய்ஸ் இல்லாம சூப்பரா இருக்குன்னாங்க.”

“அது நோய்ஸ் இல்ல தம்பி. அது ஒரு ஆளு,” என்றேன்.

“சரி ஆன்டி, செய்ங்க. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்,” என்றார். தனியாக இருக்கும் கிழடுக்குத் தலை கொஞ்சம் ஆடிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். எழுத்திலும் அவள் மௌனமான இடத்திலெல்லாம் ‘கடிகாரம் ஓடுகிறது’ என்று சேர்த்தேன். விதிப்படி பார்த்தால் அது தப்பு.

வேலை முடிந்த சாயங்காலம் ஒரு பிடி பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் வைத்தேன். மேசைக்கு வந்து போனை எடுத்தேன். அக்காவின் எண்ணைத் தேட வேண்டியதில்லை. என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். சௌக்கியமா, மூச்சிரைப்பு எப்படி இருக்கு, பிள்ளைகள் வந்தார்களா. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள்.

ஹலோ என்று அவள் சொல்லவில்லை. நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அக்கா வீட்டு ஃபேன் கிறீச் கிறீச் என்று சுற்றுவது கேட்டது. மேரு சாலையில் ஒரு லோரி கியர் மாற்றிக்கொண்டு போனது. கூர்ந்து கேட்டால் அவள் நெஞ்சிலிருந்து வரும் இழுப்பு லேசாகக் கேட்டது. டிவி ஓடவில்லை. வீட்டில் வேறு மனிதர்கள் இருக்கும் சத்தம் எதுவும் இல்லை.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். பயற்றங்காய் கட்டைப் பிரித்து நறுக்க ஆரம்பித்தேன். கண் போன்மேலேயே இருந்ததால் துண்டுகள் கோணல் மாணலாக விழுந்தன. கீழே ரயில் போனது, அது அவளுக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் வந்தது. அவளும் உட்கார்ந்துகொண்டாள் போல. நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன், நறுக்குவதை நிறுத்தினால் அவள் வைத்துவிடுவாள் என்று ஒரு பயம். குக்கர் விசில் அடித்தது. அடங்கி, மறுபடியும் அடித்தது. எனக்கு அது காதிலேயே விழவில்லை.

“விசில் அடிச்சிக்கிட்டே இருக்கு பாரு. அடுப்ப அணைடி,” என்றாள் அக்கா.

நான் எழுந்து ஓடிப்போய் அணைத்தேன். திரும்பி வருவதற்குள் அவள் வைத்துவிட்டாள். பருப்பு அடி பிடித்துக் குழைந்து போயிருந்தது. அப்படியே போட்டுச் சாப்பிட்டேன்.